விருதுப் பணம் முதலில் தண்ணீருக்குப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தரச்சான்று கிடைத்தால், சான்றிதழைப் பிடித்தபடி மருத்துவரும் செவிலியர்களும் நிற்கும் படம் பத்திரிகையில் வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் எந்தப் பிரிவு எத்தனை மதிப்பெண் வாங்கியது என்ற விவரம் பெரும்பாலும் வருவதில்லை. பரிசுப் பணம் எதற்குச் செலவாகப் போகிறது என்பதும் வருவதில்லை. இரண்டாவது கேள்வி, உப்புக்காற்றும் உவர்நீரும் சூழ்ந்த இந்தக் கரைக்கு மிக முக்கியம் என்பதால் இக்கடிதம்.

அரசு மருத்துவமனைகளுக்கு நடப்பில் இருப்பவை முக்கியமாக மூன்று. 2013இல் வந்த தேசியத் தர உறுதி நெறிகள். துறைக்குள் எல்லோரும் 'என்குவாஸ்' என்றுதான் சொல்வார்கள். 2015 மே மாதம் தொடங்கிய 'காயகல்ப்', தூய்மை, கழிவு அகற்றல், தொற்றுத்தடுப்பு ஆகியவற்றுக்கான ஆண்டுப் பரிசு. 2017 டிசம்பரில் வந்த 'லக்ஷ்யா' பிரசவ அறையையும் பிரசவ ஆபரேஷன் தியேட்டரையும் மட்டும் பார்ப்பது. என்குவாஸ் சான்று மூன்றாண்டுக்குச் செல்லும். இடையில் மாநில அளவில் ஆண்டுதோறும் சரிபார்ப்பு உண்டு.

மதிப்பெண் போடும் முறை எளிது. ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2. முழுமையாக இருந்தால் 2, அரைகுறை என்றால் 1. மதிப்பீட்டாளர் கண்ணால் பார்ப்பார், ஊழியரைக் கேட்பார், பதிவேட்டைப் புரட்டுவார், நோயாளியிடம் பேசுவார். மொத்தத்தில் 70 சதவீதம் வந்துவிட்டால் சான்று கைக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மருத்துவமனை என்றால் ஒவ்வொரு துறையும் தனியாக 70ஐத் தொட வேண்டும். தொற்றுத்தடுப்பு, நோயாளர் உரிமை, சிகிச்சை என்று பிரித்திருக்கும் எட்டுப் பகுதிகளும் தனித்தனியே 70ஐத் தொட வேண்டும். புறநோயாளர் பிரிவு 92 வாங்கினாலும் பிரசவ வார்டு 66இல் நின்றால் முழுச் சான்று இல்லை.

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், இராமேஸ்வரம் தீவு, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை இந்தக் கரையில் மதிப்பெண் சரியும் இடங்களைத் தோண்டினால், பாதிக்கு மேல் தண்ணீரில்தான் போய் முடியும். பிடிக்காத ஊழியரைத் 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றிவிடுவதாக மிரட்டுவது எந்த மாவட்டத்தை மனதில் வைத்து என்பது ஊரறிந்தது. காவிரிக் கூட்டுக்குடிநீர் வந்தபின் நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் காவிரி வராத நாளில் சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) விழுவது போர்வெல் தண்ணீர்தான். 100 படுக்கை வரையுள்ள மருத்துவமனைக்குப் படுக்கைக்கு ஒரு நாளைக்கு 340 லிட்டர் என்பது இந்தியத் தர அளவு. 30 படுக்கை என்றால் 10,200 லிட்டர். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுக்கலாம். குளோரைடுக்கு அதே கணக்கு 250, 1,000. கடலோரப் போர்வெல் பலவற்றில் இந்த மேல் வரம்பும் தாண்டியிருக்கும்.

அந்தத் தண்ணீர் முதலில் கெடுப்பது, கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை. உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் காயில் (கம்பிச்சுருள்) மேல் வெள்ளைப் பொருக்கு படியும். பொருக்கு தடித்தால் சூடு தண்ணீருக்கு இறங்காமல் காயில் எரிந்துபோகும். சேஃப்டி வால்வு ஒட்டிக்கொள்ளும். மூடியை இறுக்கும் கேஸ்கெட் ஓரத்தில் நீராவி கசியும். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம் வந்த பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும்: துணி சுற்றிய கட்டுக்கு 30 நிமிடம், சுற்றாத கருவிக்கு 20. அழுத்தம் ஏறாத மெஷினில் ஸ்விட்ச் போட்ட நேரத்திலிருந்து எண்ணினால், கணக்கு பதிவேட்டில் மட்டும்தான் சரியாக இருக்கும். இடம் போதாமல் கட்டுகளை நெருக்கி அடைத்தாலும் நீராவி ஊடுருவாது. கட்டு ஈரமாக வெளியே வரும். ஈரமாக வந்த கட்டைக் கிருமி நீங்கியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, மறுபடி போட வேண்டும். மேலே ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு விழுந்துவிட்டது என்று காட்டுவார்கள். சூடு பட்டது என்பதற்கு மேல் அந்தக் கோடு எதுவும் சொல்லாது. வாரம் ஒருமுறை ஸ்போர் ஸ்ட்ரிப் (சூட்டைத் தாங்கும் கிருமி வித்துகள் கொண்ட சோதனைத் தாள்) வைத்துப் பார்த்த பதிவு இருக்கிறதா என்றுதான் விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் கேட்பார்.

அடுத்தது கருவிகள். பிரசவ அறை டிரேயிலிருந்து, இரத்தக்குழாயைக் கவ்வும் ஓர் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். கத்தரிபோல் இரு கால்களும் குறுக்காகப் பூட்டும் மூட்டில், காபித்தூள் ஒட்டியதுபோல் பழுப்புப் புள்ளி தெரியும். 0.5 சதவீத குளோரின் கரைசலில் 10 நிமிடம் ஊற வேண்டிய கருவி, வேலை நெருக்கடியில் டியூட்டி மாறும்வரை கிடந்திருக்கும். பிறகு போர்வெல் தண்ணீரில் கழுவி, மூடிய நிலையிலேயே டிரேயில் போட்டிருப்பார்கள். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை குளோரைடிடம் செல்லாது. சிறு குழியாக அரித்து உள்ளே போகும், குழிக்குள் இரத்தம் தங்கும், அதை ஆட்டோகிளேவ் எட்டாது. இதற்கு மருந்து பெரிய செலவில்லை. கடைசி அலசலை மட்டும் டிஸ்டில்டு வாட்டரிலோ, வடிகட்டி உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரிலோ செய்து, மூட்டை விரித்து உலர்த்தினால் போதும். ஆட்டோகிளேவுக்கும் அதே தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

ப்ளீச்சிங் பவுடரையும் சொல்லியாக வேண்டும். லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் கரைத்தால் 1 சதவீதம், அதில் பாதி போட்டால் 0.5 சதவீதம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பார்கள். பவுடரில் குளோரின் மூன்றில் ஒரு பங்கு இருந்தால்தான் அந்தக் கணக்கு. வாய் திறந்த மூட்டையைக் கடற்காற்றின் ஈரத்தில் ஸ்டோர் மூலையில் விட்டால் பவுடர் கட்டிதட்டி, நெடி குறைந்து, வெறும் சுண்ணாம்பாகிவிடும். அதில் எத்தனை கிராம் நிறுத்துக் கரைத்தாலும் வெள்ளைத் தண்ணீர்தான். மூட்டை திறந்த அன்றே இறுக்க மூடும் பிளாஸ்டிக் டிரம்முக்கு மாற்ற வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். தண்ணீரில் மிஞ்சிய குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப் சோதனையைத் தொட்டிக்கு அடியிலுள்ள குழாயில் செய்துவிட்டுப் பதிவேட்டில் எழுதுவது வழக்கம். வார்டின் கடைக்கோடிக் குழாயில் 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) காட்டுகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

சுவர்களின் கதையும் இதுதான். தரையிலிருந்து இடுப்பளவு வரை உப்புப் பூத்துப் பொரியும் சுவருக்கு, மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கிறார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அது உதிரும். பாவம், மதிப்பெண் குறைந்ததற்குத் துப்புரவுப் பணியாளர் திட்டு வாங்குவார். பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, ஈரத்தடுப்புச் செய்து, நல்ல தண்ணீரில் குழைத்த கலவையால் பூசினால்தான் நிற்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது கட்டுமானத் தர விதி. காண்டிராக்டர் பக்கத்துப் போர்வெல்லில் குழாய் மாட்டுவதைப் பார்க்கும் பொறியாளர் இதைக் கேட்க வேண்டும்.

இனி பணம். என்குவாஸ் சான்று பெற்ற மருத்துவமனைக்குப் படுக்கைக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், மூன்றாண்டுக்கு. 30 படுக்கை என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். இதில் 25 சதவீதம் வரை ஊழியர் ஊக்கத்தொகை. அது அவர்கள் உழைப்புக்கு உரியது, அதில் யாரும் கை வைக்க வேண்டாம். மீதி 2 லட்சத்து 25 ஆயிரம் மருத்துவமனையின் தரத்துக்கு. காயகல்ப் பரிசிலும் முக்கால் பங்கு மருத்துவமனைக்கே. இந்த முக்கால் பங்கு பெயர்ப்பலகை, முகப்பு விளக்கு, பூந்தொட்டி என்று கரைவதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதை முடிவு செய்வது நோயாளர் நலச் சங்கம்.

கடற்கரை மருத்துவமனை ஒன்று இந்தத் தொகையை எந்த வரிசையில் செலவிட வேண்டும் என்று கேட்டால், முதலில் சம்ப், மேல்தொட்டி, கடைசிக் குழாய் ஆகிய மூன்று இடத்திலும் தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பிறகு காவிரித் தண்ணீருக்கும் போர்வெல் தண்ணீருக்கும் தனித்தனி சம்ப், தனித்தனி லைன். இரண்டையும் ஒரே சம்ப்பில் விட்டால் நல்ல தண்ணீரும் கெட்டதுதான். மூன்றாவதாகக் கருவி கழுவும் அறை, பிரசவ அறை, ஆய்வகம் ஆகியவற்றுக்கு மட்டுமான சிறிய ஆர்.ஓ. முழு மருத்துவமனைக்கும் ஆர்.ஓ. என்று ஆசைப்பட வேண்டாம். உள்ளே போகும் தண்ணீரில் பாதியளவோ அதற்கு மேலோ கழிவாகப் போகும். அந்தக் கழிவைச் செடிக்கு விட்டால் செடி கருகும். தனிக் குழாயில் கழிவறை ஃப்ளஷுக்குக் கொடுக்கலாம். குளோரின் கலந்த தண்ணீர் நேராக ஆர்.ஓ.வின் உப்பு வடிகட்டும் மெம்பிரேனுக்குப் போனால் அது சீக்கிரம் வீணாகும், முன்னால் கார்பன் ஃபில்டர் அவசியம். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் வாங்கிய ஆர்.ஓ. மெஷின்கள் எத்தனை வராந்தாக்களில் துணி காயப்போடப் பயன்படுகின்றன என்பதை உங்கள் செய்தியாளர்களே எண்ணிச் சொல்லலாம். ஆட்டோகிளேவுக்கு ஒரு காயில், ஒரு கேஸ்கெட், ஒரு சேஃப்டி வால்வு எப்போதும் கையிருப்பில் வேண்டும்; மெக்கானிக் மதுரையிலிருந்து பாம்பன் பாலம் தாண்டி வருகிற வரைக்கும் பிரசவ வலி காத்திருக்காது. பெயின்ட் இதற்கெல்லாம் பிறகு.

கட்டில், ட்ரிப் ஸ்டாண்ட், கைகழுவும் தொட்டி வாங்கும்போது டெண்டரில் வெறுமனே எவர்சில்வர் என்று எழுதினால் 304 ரகம் வந்து சேரும். கடலோரத்துக்கு மாலிப்டினம் கலந்த 316தான் தாக்குப்பிடிக்கும். விலை கூடுதல், எல்லாவற்றுக்கும் வேண்டாம், தண்ணீர் படுபவற்றுக்கு மட்டுமாவது. தீயணைப்பான்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். காலாவதித் தேதி சரியாக இருக்கும், இழுக்க வேண்டிய பின் துருவில் இறுகியிருக்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் சங்கிலியில் கட்டுண்டபடியே இறந்த மாவட்டம் இது. அவசர வழிக் கதவில் பூட்டுத் தொங்கினால் அந்தக் கேள்விக்கு 1 போடுவதே அதிகம்.

பதிவேடுகள் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. தடுப்பூசிக் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், காலையும் மாலையும் குறிக்க வேண்டும். மாதம் முழுக்க ஒரே பேனாவில், ஒரே சாய்வில், 4 டிகிரி என்றே எழுதியிருந்தால் யாருக்கும் புரியும்.

என்குவாஸ் நெறிகளில் பலரும் கடந்துபோகும் ஒன்று உண்டு: அந்தப் பகுதி மக்களின் தேவைக்கு ஏற்ற சேவை இருக்கிறதா என்பது. சென்னையில் உட்கார்ந்து இதற்குப் பதில் எழுத முடியாது. மீனவர் காலில் திருக்கை முள் குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் காலை வைத்திருப்பது முதலுதவி. குத்திய இடத்தில் முள் துண்டு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டெட்டனஸ் ஊசி போட வேண்டும். வலியில் கால் மரத்திருப்பதால் சூடு தெரியாது. தண்ணீரை வேறொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும், தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. பாம்புக்கடிக்கு ஒட்டியிருக்கும் சிகிச்சை அட்டைக்குப் பக்கத்தில் இதற்கும் ஓர் அட்டை, ஒரு வாளி, ஒரு கெட்டில். இத்தனை சிறிய செலவில் 2 மதிப்பெண் வேறெங்கும் கிடைக்காது.

தனியார் மருத்துவமனைகளின் வாசலில் தொங்கும் பலகைகளுக்கும் ஒரு வார்த்தை. என்.ஏ.பி.எச். (மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம்) தரும் நுழைவுநிலைச் சான்று வேறு, முழு அங்கீகாரம் வேறு. எது என்று கேட்டால் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஐ.எஸ்.ஓ. 9001 நிர்வாக நடைமுறைக்கானது, சிகிச்சையின் தரத்துக்குச் சாட்சியாகாது. 'சிறந்த மருத்துவமனை' என்று நட்சத்திர ஹோட்டலில் கொடுக்கும் கேடயங்களில், கட்டணம் வாங்கியவர் மருத்துவமனைக்குள் கால் வைத்தாரா என்று மட்டும் விசாரியுங்கள்.

ஆசிரியருக்கு வேண்டுகோள் ஒன்று. அடுத்த சான்றிதழ்ப் படம் வரும்போது பிரசவ அறை, ஆபரேஷன் தியேட்டர், ஆய்வகம், வார்டு, தொற்றுத்தடுப்பு ஆகியவற்றின் மதிப்பெண்ணையும், அந்த முக்கால் பங்குப் பணம் எதற்கு ஒதுக்கப்பட்டது என்பதையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: மதிப்பீட்டாளர் வார்டில் உங்கள் கட்டிலருகே வந்து, வெளியே மருந்து வாங்கச் சொன்னார்களா, யாராவது பணம் கேட்டார்களா, பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விட்டார்களா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பார். சிஸ்டர் வருத்தப்படுவாரே என்று எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டாம். தண்ணீர் வரவில்லையென்றால் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனைத் தர மேம்பாட்டுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர்கள் சிலர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.