யார் நடக்கச் சொல்வது?

அன்புள்ள மீனா,

கடிதம் கிடைத்தது. உன் மகள் உயிரியல் எடுத்திருக்கிறாள் என்பதில் எனக்கு உன்னைவிட சந்தோஷம். அவள் காட்டிய வீடியோவில், செல்லுக்குள் சரக்கு சுமக்கும் கைனேசின் என்ற மோட்டார் புரதம், தண்டவாளம் மாதிரி இருக்கும் நுண்குழல் மேல் அடியெடுத்து வைத்துப் போவதைப் பார்த்துவிட்டு, "இதை யார் நடக்கச் சொல்வது?" என்று கேட்டிருக்கிறாய். நடையைவிட சுவாரசியமான கேள்வி அது.

நடை ஓரளவு தெரிந்த கதை. செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவானால் ஓர் எட்டு, 8 நானோமீட்டர். 1985-இல் கணவாயின் நரம்பில் கைனேசினைக் கண்டுபிடித்ததிலிருந்து அதை அளந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் செல்லுக்குள் பெரும்பாலான கைனேசின்கள் நடப்பதே இல்லை. வாலை மடக்கித் தலையோடு ஒட்டவைத்துக்கொண்டு சும்மா கிடக்கின்றன. சுமையில்லாமல் ஓடினால் ஏடிபி வீண். போதாததற்கு எல்லாம் குழலின் ஒரே முனையில் போய்க் குவிந்துவிடும்; சரக்கு கிளம்பும் இடத்தில் மோட்டார் இருக்காது.

இந்த மடிப்பைப் பிரிப்பவைதான் கூட்டாளிப் புரதங்கள். ஜிப்1, ஃபெஸ்1 என்று இரண்டு உண்டு. ஒன்று மட்டும் வந்து ஒட்டினால் கைனேசின் அசையாது, இரண்டும் சேர வேண்டும். வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி மாதிரி.

எதிர்த்திசையில் போகும் டைனீன் என்ற மோட்டார் இன்னும் பிடிவாதம். பாலூட்டிகளின் டைனீனைத் தனியே பிரித்துக் குழல் மேல் விட்டால் தொடர்ந்து நடக்காது. டைனாக்டின், பிஐசிடி2 என்ற இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்துகொண்டால் நெடுந்தூரம் போகிறது என்று 2014-இல் இரண்டு குழுக்கள் காட்டின. பிஐசிடி2 சரக்கையும் பிடித்துக்கொள்ளும் புரதம். அதாவது, சுமை வந்து சேர்வதே புறப்படுவதற்கான உத்தரவு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நிறுத்துவதும் கூட்டாளிகள் வேலைதான். நரம்பு செல்லில், ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை மோட்டாரோடு பிணைப்பது மீரோ என்ற புரதம். செல் மும்முரமாக இருக்கும் இடத்தில் கால்சியம் ஏறும். அது மீரோவில் ஒட்டியதும் மைட்டோகாண்ட்ரியா அங்கேயே நின்றுவிடும். சக்தி தேவைப்படும் இடமும் அதுதானே! எப்படி நிற்கிறது என்பதில் மட்டும் ஆய்வகங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

மடிப்பு என்ற அந்தப் பூட்டே கெட்டுப்போனால்? கேஐஎஃப்5ஏ என்ற கைனேசினின் வால்நுனியை மாற்றிவிடும் சில மரபணுப் பிறழ்வுகள் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிந்துபோகும் ஏஎல்எஸ் நோயோடு தொடர்புடையவை. அந்தக் கைனேசின் மடங்குவதில்லை, எந்நேரமும் ஓடுகிறது. மோட்டார் ஓடாமல் போவதுதான் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, நிற்கத் தெரியாததும் நோய்தான் என்பது ஆச்சரியமாக இருந்தது.

மகளிடம் ஒன்று கேள்: ஒரே சரக்கில் கைனேசினும் டைனீனும் சேர்ந்தே ஒட்டியிருக்குமே, திசையை யார் முடிவு செய்வது? அவள் சொல்வதை அப்படியே எழுது. உன் முழங்கால் வலி பற்றி ஒரு வரிகூட இல்லையே, அதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
வசந்தி