அறை வரியும் கிணற்றுத் தண்ணியும்

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்துச் சந்தோஷப்பட்டோம். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை.

ரொறன்ரோவில் ஹோட்டல் அறை வரியைக் கூட்டிவிட்டார்கள் என்று ஒரு பக்கம் முழுக்கத் திட்டியிருக்கிறாய். 2018 இல் 4 வீதம், 2023 இல் 6, 2025 இல் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தைச் சாட்டி 2026 ஜூலை முடியும் வரை 8.5. உனக்கென்ன மச்சான், நீ சொந்த வீட்டில் படுக்கிறாய். கட்டுபவன் வந்து போகிறவன். அவனுக்கு அங்கே வாக்கில்லை, அதனால்தான் நகரசபைகளுக்கு இந்த வரியில் இவ்வளவு ஆசை.

எனக்கு வீதத்தைவிட, காசு எங்கே போகிறது என்பதில்தான் கண். அதில் ஒரு பகுதியைச் சுற்றுலா வளர்க்கும் அமைப்புக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது உங்கள் ஒன்ராறியோ மாகாண விதி. அதாவது, வந்தவனிடம் வாங்கி இன்னொருவனை வரச்சொல்லி விளம்பரம் போடுவது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ இதே வரியை 1961 இல் தொடங்கியபோதே கலைகளுக்கு ஒரு பங்கு ஒதுக்கியது. அது பரவாயில்லை.

இங்கே நிலைமை வேறு. பதிவு பெற்ற விடுதிகளின் வருமானத்தில் 1 வீதம் சுற்றுலா அபிவிருத்தி வரியாகக் கொழும்புக்குப் போகிறது. யாழ். மாநகர சபைக்கு மிஞ்சுவது சோலைவரி என்கிற கட்டட வரியும் லைசென்ஸ் காசும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் அறை கிடைக்காது. ஆனால் அந்த நாட்களில் குப்பை அள்ளுவது யார், கொழும்பா?

குப்பை கண்ணுக்குத் தெரிகிறது, அள்ளிவிடலாம். தண்ணிதான் பெரிய கவலை. எங்களுக்கு ஆறில்லை, வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல், மழைத்தண்ணி இறங்கும் அதே வெடிப்புகளால் மலக்குழித் தண்ணியும் இறங்கும். நகரத்தில் பாதாளச் சாக்கடை கிடையாது. நாலு பேர் இருந்த வளவில் இருபது அறை கட்டினால் குழியும் அங்கேதான், கிணறும் அங்கேதான். எங்கள் ஒழுங்கையில் ஒரு விடுதி வந்த பிறகு பக்கத்து வீட்டார் கிணற்றுத் தண்ணியைக் குடிப்பதை விட்டுவிட்டார்கள். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்தது, நாளுக்கு 24,000 கன மீற்றர். நல்ல விஷயம்தான். ஆனால் குழாயில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் பிறகு குழிக்குள்தானே போகும்? அதைப்பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஆகவே என் வாதம் இதுதான்: இங்கேயும் சபை ஒரு அறை வரி எடுக்கட்டும், ஆனால் அறையில் எடுக்கிற காசு முதலில் அறையிலிருந்து வெளியேறுகிற தண்ணிக்குப் போகட்டும். கழிவைச் சுத்திகரிக்க ஒரு இடம், அதை ஏற்றிப்போகப் பவுசர்கள், கிணற்றுத் தண்ணியை ஒழுங்காகப் பரிசோதிக்க ஆள். படம் எடுத்துப் போடுவதற்கு இதில் ஒன்றும் இல்லை, அதுதான் அரசியல்வாதிகளுக்குக் கஷ்டம்.

மருமகன் ஒத்துக்கொள்ள மாட்டான். உனக்குத் தெரியும்தானே, சின்ன விடுதி ஒன்று நடத்துகிறான். விளம்பரம் இல்லாமல் ஆக்கள் வரமாட்டார்கள் என்கிறான். 2014 இல் ரயில் திரும்பி வந்தது, பலாலிக்குச் சென்னை விமானம் வருகிறது, 2023 இல் காங்கேசன்துறைக் கப்பலும் தொடங்கியது. வழி திறந்தால் ஆக்கள் வருவார்கள், பதாகை பார்த்தா வருகிறார்கள் என்று நான் கேட்டால், கோடையில் மாதக்கணக்கில் அறை சும்மா கிடப்பதை நீங்கள் பார்ப்பதில்லை மாமா என்கிறான். அதிலும் நியாயம் இருக்கிறது. விளம்பரத்துக்கும் கொஞ்சம் கொடுக்கலாம். மந்திரிமனை போன்ற பழைய கட்டடங்களைப் பராமரிக்கவும் கொஞ்சம்.

இன்னொரு சிக்கல். ஆக்கள் படுப்பது நகரத்தில், சுற்றுவது வெளியே. காலையில் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போய் நயினாதீவு, நெடுந்தீவு, அடுத்த நாள் காரைநகர்க் கசூரினாக் கடற்கரை, அப்புறம் கீரிமலை. இவை வேலணை, நெடுந்தீவு, காரைநகர், வலிகாமம் வடக்கு என்று வேறு வேறு பிரதேச சபைகள். நெடுந்தீவில் எத்தனை பேர் இராத் தங்குகிறார்கள்? குப்பையை விட்டுவிட்டு மாலைப் படகில் திரும்பிவிடுவார்கள். மாநகர சபை வரியை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டால் அது தீவுக்காரருக்குச் செய்யும் அநியாயம். சபைகள் கூடி ஒரு பொதுக் கணக்கு வைக்க வேண்டும். உள்ளூராட்சித் தேர்தல் 2025 மேயில் நடந்தது, சபைகளில் ஆக்கள் இருக்கிறார்கள். மாகாண சபைதான் 2018 இலிருந்து ஆளில்லாமல் கிடக்கிறது. வரி அதிகாரம் கேட்டுக் கொழும்போடு பேச வேண்டிய இடம் அது.

நீ வரும்போது தம்பி வீட்டில் இடமிருக்காது, விடுதியில்தான் தங்குவாய். அப்போது கேட்கிறேன், ஒரு இரவுக்கு நூறு இருநூறு ரூபா கூடக் கட்ட மனம் வருமா என்று. ஆவணி மாதத்துக்கு அறையை இப்போதே சொல்லி வை. மருமகனிடம் கேட்டால் விலை குறைப்பான், என் பெயரைச் சொல்லாதே.

அங்கே அந்த 8.5 வீதத்துக்குத் தனிக் கணக்குக் காட்டுகிறார்களா, இல்லை பொதுப் பணத்தோடு கலந்துவிடுகிறார்களா என்று விசாரித்து எழுது. இங்கே நாலு பேரிடம் பேச உதவும்.

அன்புடன்,
குமார்
யாழ்ப்பாணம்