ஓடக்காரியின் கூலி

அன்புள்ள குருவிக்கு,

இரண்டு வருடமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமாக இருப்பாய். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டு. நம் ஓடக்காரியை வெளியே விட்டுவிட்டேன். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நீ பிறப்பித்தவள், ஆளுக்கொரு நினைவைக் கூலியாக வாங்கிக்கொண்டு அக்கரை சேர்ப்பவள், நாலு மாதமாக வாராவாரம் இணையத்தில் படக்கதையாகப் படகு ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தேன். மூன்று வாரத்தில் யாரும் படிக்காமல் நின்றுவிடும், அதற்கு எதற்கு உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஒவ்வொரு வாரமும் சொல்லலாம் என்று உட்கார்வேன், போன வாரமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று எழுந்துவிடுவேன். தப்பு என்னுடையது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தம்பி வேலை மாறிவிட்டான். மற்றபடி எல்லாரும் நலம். சரி, படகுக்கு வருகிறேன்.

முதலில் எப்படி ஆரம்பித்தேன் தெரியுமா? ஏழு அரசர்கள், அவர்களுடைய சண்டை, ஒரு வரைபடம், நதி எப்படிச் சபிக்கப்பட்டது என்று பன்னிரண்டு பக்கம். நெட்டையிடம் கொடுத்தேன். மூன்றாவது அரசர் வந்ததும் தலையைத் தூக்கி, "கதை எப்போ ஆரம்பிக்கும்?" என்றாள். அவள் அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பன்னிரண்டு பக்கத்தையும் தூக்கிப் போட்டேன். இப்போது ஒரு சிறுவன் கரைக்கு வருகிறான். அவனிடம் இருப்பது அம்மாவின் குரல் மட்டும். அதைக் கொடு என்கிறாள் ஓடக்காரி. அவ்வளவுதான் தொடக்கம். அரசர்கள் நாலாவது எபிசோடில் ஒரு தேய்ந்த நாணயத்தின் முகமாக வந்து போகிறார்கள். இந்த மாதிரிக் கதையில் உலகத்தை விளக்கக் கூடாது குருவி, அதற்குள் ஒருவர் எதையாவது இழக்க வேண்டும். படிப்பவர்கள் அவர் பின்னாலேயே உள்ளே வந்துவிடுகிறார்கள்.

நோட்டில் நாம் பக்கத்துக்கு ஆறு கட்டம் போடுவோமே, அது போனில் செல்லுபடியாகாது. 800 பிக்சல் அகலம்தான், கீழே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். நான் 1600இல் வரைந்து பாதியாகச் சுருக்குகிறேன், கோடு சுத்தமாக வருகிறது. காகிதத்தின் விளிம்பு இனி கட்டங்களைக் கட்டிப்போட வேண்டியதில்லை என்று காமிக்ஸைப் பற்றி எழுதும் ஸ்காட் மெக்லவுட் 2000த்திலேயே எழுதிவிட்டார். கொரியாவில் நேவர் என்ற இணைய நிறுவனம் 2004இல் வெப்டூன் என்ற படக்கதைத் தளத்தைத் தொடங்கியது, கீழ்நோக்கி நகர்த்திப் படிப்பது அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் கைக்குப் புரிந்தது முதல் எபிசோடில்தான். சிறுவன் "சரி, எடுத்துக்கொள்" என்று சொன்ன இடத்துக்கும் அக்கரையில் அவன் முகம் தெரியும் இடத்துக்கும் நடுவே மூன்று திரை நீளத்துக்கு வெறும் கறுப்பு விட்டேன். படிப்பவர்கள் விரலால் தள்ளித் தள்ளித்தான் அந்த நதியைக் கடக்க வேண்டும். துடுப்பு அவர்கள் கையில்.

நிஜமான பாடு வசனம் எழுதும் பலூன்களோடுதான். நம் சொற்கள் எவ்வளவு நீளம்! "மறந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதினால் பலூனின் இரண்டு பக்கமும் பிதுங்குகிறது. நடுவில் ஒடித்தால் படிப்பவர் தடுக்கி விழுகிறார். எழுத்தைச் சின்னதாக்கினால் போனில் கண் வலிக்கும். கடைசியில் "மறக்கிறேன்" என்று வெட்டினேன், அதுதான் அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. உன் வசனங்களையும் இப்படியே வெட்டியிருக்கிறேன். வரலாற்று டீச்சர் நடத்தும் பாடம் மாதிரி அல்லவா எழுதி வைத்திருந்தாய்! அப்படியே போட்டால் படகில் பலூன் மட்டும்தான் ஏறும், ஆள் ஏற இடமிருக்காது.

முதல் வாரம் பத்தொன்பது பேர் படித்தார்கள். அதில் மூன்று பேர் நம் கூட்டம். ஒரே எபிசோடை நம்பி யாரும் பின்தொடர மாட்டார்கள் என்று மூன்றைச் சேர்த்துப் போட்டேன், பத்தைக் கையிருப்பில் வைத்தேன். வெள்ளி இரவு தவறுவதே இல்லை. நடுவில் மணிக்கட்டு வீங்கி ஐந்து வாரம் பேனாவைத் தொடவில்லை, அப்போதும் கையிருப்பிலிருந்து வெள்ளி வந்தது. ஃபோலியோ தம்பதி தங்கள் காமிக்ஸ் 'கேர்ள் ஜீனியஸை' 2005இல் தனித்தனி இதழாக அச்சிடுவதை நிறுத்தி, திங்கள், புதன், வெள்ளி என்று இணையத்தில் இலவசமாகப் போட ஆரம்பித்தார்களே, அந்தக் கிழமைகளின் பலம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அந்த நாளுக்காகக் காத்திருக்க ஆட்கள் பழகிவிடுகிறார்கள். துணி மடிப்புக்கு நிழல் போட்டு நாலு ராத்திரி வீணாக்கும்போதெல்லாம் 'ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்' என்ற இணையப் படக்கதையை நினைத்துக்கொள்கிறேன். வெறும் குச்சி மனிதர்கள். 2012இல் பழைய தொகுதிகளை மறுபடி அச்சிட ஏறக்குறைய 15,000 பேர் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் டாலர் கொடுத்தார்கள். அந்தக் குச்சிகளுக்கு என்ன ஆகும் என்று அத்தனை பேருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இப்போது எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. முன்பின் தெரியாதவர். "ஒவ்வொரு எபிசோடிலும் படகு தண்ணீரில் கொஞ்சம் கூடுதலாக அமிழ்கிறது. நினைவுகளுக்கு எடை உண்டா? அவள் மூழ்கிவிடுவாளா?"

ஓரத்தில் பென்சிலால் நீ எழுதியது ஞாபகமிருக்கிறதா? "ஒரு பயணத்துக்கு ஒரு விரல்." நான் அதை யாரிடமும் சொல்லவில்லை, கதையில் ஒரு இடத்திலும் எழுதவில்லை. படகின் முனையில் இருக்கும் கண்ணிலிருந்து அளந்து ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் இறக்கினேன், அவ்வளவுதான். யாரோ ஒருவர் பழைய எபிசோடுகளுக்குத் திரும்பப் போய் அதை அளந்திருக்கிறார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்னைக் கூப்பிட நம்பரை எடுத்தேன், வெட்கமாக இருந்தது, வைத்துவிட்டேன்.

இப்போது முந்நூற்று நாற்பது பேர். அதில் முப்பது பேராவது விடாமல் எழுதுகிறார்கள். ஒருவர் யார் எந்த நினைவைக் கொடுத்தார்கள் என்று கணக்கே வைத்திருக்கிறார். பாடகர் தாலாட்டை ஆறாவது எபிசோடில் கொடுத்துவிட்டார், ஒன்பதில் எப்படி முணுமுணுக்கிறார் என்று கேட்டார். என் பிழைதான். திருத்தினேன், நன்றி சொன்னேன். என்னைவிட அவர்கள் ஓடக்காரியை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அதனால்தான் பயமாக இருக்கிறது. முடிவு என்னிடம் இல்லை குருவி. கடைசிப் பக்கத்தைக் கிழித்து, "நேரம் வரும்போது தருகிறேன்" என்று நீ எடுத்துப்போனாய். மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன், மூன்றும் பொய்யாக இருக்கிறது. ஒன்றில் எல்லா நினைவுகளையும் அவள் ஆற்றில் கொட்டிவிடுகிறாள். அப்படியென்றால் அந்தப் பையன் அம்மாவின் குரலைக் கொடுத்தது எதற்கு? கணக்கு வைத்திருப்பவர் கேட்பார், என்னிடம் பதில் கிடையாது.

தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், உன் பெயர் முதலில். உனக்கு இது பிடிக்கவில்லை என்றாலும் சொல். நிறுத்திவிடுகிறேன், அவர்களிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுவேன். நீயே வந்து எழுதுகிறாய் என்றால் உன் வசனங்களை வெட்டுவதைப் பற்றி அப்போது சண்டை போடுவோம்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. மடிப்பில் எழுத்து அழிந்திருந்தால் ஞாபகத்திலிருந்து சொல். கையிருப்பில் நாலு எபிசோட் இருக்கிறது. படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஐந்து விரல்.

உன்,
பென்சில்