சிவப்பு மையால் அடித்த ஒன்றரைப் பக்கம்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஓவியக் கல்லூரிப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். நவீன ஓவியப் பாடம் இப்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இம்ப்ரெஷனிசம், கியூபிசம், ஃபியூச்சரிசம் என ஓவிய இயக்கங்கள் வரிசையாக வரும்; ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆண்டு, நாலு ஓவியம், அவ்வளவுதான். இயந்திரம் என்ற சொல்லே அதில் இல்லை. அதைச் சேருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி உங்களிடம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அப்பாவுக்கு லேத் பட்டறை. போன வாரம் விடைத்தாள் நகலோடு வீட்டுக்கு வந்தாள். 'நவீன ஓவியம் உருவான காரணங்கள்' என்ற பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். அதில் ஒன்றரைப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் 'பாடத்துக்குத் தொடர்பில்லை'. மதிப்பெண் மூன்று.

அடிபட்ட பகுதியில் அவள் எழுதியது பிரெஞ்சு ஓவியர் பெர்னான் லெஜேயைப் பற்றி. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர் அவர். 75 மில்லிமீட்டர் பீரங்கியின் திறந்த பின்பகுதியில் வெயில் பட்டு மின்னியதில் சொக்கிப்போனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1917-இல் அவர் வரைந்த 'சீட்டாடுபவர்கள்' ஓவியத்தில் சிப்பாய்களின் கையும் காலும் சாம்பல் நிறக் குழாய்களாக இருக்கின்றன. 'கடைசல் முடிந்த இரும்புத் தண்டில் வெளிச்சம் நீளக் கோடாக நின்று, இரண்டு பக்கமும் இருண்டுகொண்டே போகும். லெஜே அதைத்தான் வரைந்திருக்கிறார்' என்று எழுதியிருக்கிறாள் இந்தப் பெண். முப்பத்திரண்டு வருடம் ஓவியம் சொல்லிக் கொடுத்த எனக்கு அது தோன்றியதில்லை. அதன் மேல்தான் கோடு போட்டிருக்கிறார்கள்.

இயந்திரத்தின் பங்கு லெஜேயோடு நிற்கவில்லை. தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறைக்கு ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். வண்ணக் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிப் போக முடிந்ததால்தான், மாறும் ஒளியை வெளியிலேயே நின்று வரைந்த இம்ப்ரெஷனிஸ்டுகளுக்கு வெட்டவெளி அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது. 1877-இல் அவர்களில் ஒருவரான மோனே பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்துப் புகையையே திரும்பத் திரும்ப வரைந்தார். வேகத்தைக் கொண்டாடிய ஃபியூச்சரிசத்துக்கோ மோட்டார் காரே தெய்வம். சிறகு விரித்த சமோத்ரேஸ் என்ற பழங்கால கிரேக்கச் சிலையைவிட உறுமி ஓடும் கார் அழகு என்று அந்த இயக்கத்தைத் தொடங்கிய இத்தாலியக் கவிஞர் மரிநெட்டி 1909 அறிக்கையில் எழுதினார். காரை விட்டுவிட்டு அந்தப் பாடத்தை எப்படி நடத்துகிறீர்கள்?

இயந்திரத்தின் மேல் வந்த பயத்தையும் அவள் விடவில்லை. லண்டனில் சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன் பாறை துளைக்கும் நிஜ இயந்திரத்தின் மேல் ஒரு உருவத்தை ஏற்றி வைத்தார். போர் வந்தது. 1916-க்குள் அந்த இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, உருவத்தையும் வெட்டி, இடுப்புக்கு மேல் மட்டும் மிஞ்ச வைத்தார். சரி, இதுவும் பாடத்துக்குத் தொடர்பில்லாததா?

கண்காட்சிக்கு வருகிறவர்கள் 'மனுஷனை ஏன் இப்படி உடைச்சு வரையறாங்க?' என்று கேட்டால், நம் பட்டதாரிகளே திணறுகிறார்கள். காரணத்தைச் சொல்லிக் கொடுக்காமல் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்ய வைத்தால் வேறு என்ன நடக்கும்? பட்டறையிலும் மில்லிலும் வளர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர் உங்களிடம் படிக்கிறார்கள். வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டதை விடைத்தாளில் எழுதக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

கோபத்தில் ஏதாவது அதிகமாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பாடத்திட்டத்தில் இயந்திரமும் நவீன ஓவியமும் பற்றி ஒரு பாடம் சேருங்கள். ஒரே ஒரு பாடம் போதும்.

அப்புறம், மறுமதிப்பீட்டுக்கு அவள் பணம் கட்டியிருக்கிறாள். விடைத்தாள் திரும்ப வரும்போது, கோடு போட்ட அந்த ஒன்றரைப் பக்கத்தை முழுதாகப் படித்துப் பார்க்கச் சொல்லும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்