கோஃபிக்கு ஏன் படுகளம் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தம் முன்கூட்டியே எழுதி வைத்த நாடகம். அதில் யார் ஜெயித்தால் என்ன?’ என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எழுதி வைத்ததுதான். எங்கள் பக்கம் அக்னி வசந்த விழாவில் பாரதக் கூத்தின் பதினெட்டாம் போர் ஆடும்போது, துரியோதனன் சாவான் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் விடிய விடிய அவனை ஆடவிட்டு, பொழுது விடிந்த பிறகுதான் படுகளத்தில் வீழ்த்துவார்கள். மண்ணில் செய்து கிடத்திய அந்தப் பெரிய உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் தொடையில் அடி விழும்போது என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த வீரர் கோஃபி கிங்ஸ்டனுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். கானாவில் பிறந்தவர். 2008-இல் அறிமுகமானவரைப் பதினோரு வருஷம் சின்னச் சின்ன சாம்பியன் பட்டம் (பெல்ட்), இருவர் ஜோடியாக ஆடும் டேக் டீம் பெல்ட் என்றே ஓட்டினார்கள். 2019-இல், வருஷத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியாவில் டேனியல் பிரயனை வீழ்த்தி சாம்பியன் ஆனபோது நமக்குத் திங்கட்கிழமை காலை. அவருடைய பிள்ளைகள் ரிங்குக்குள் ஓடி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினேன்.

அதே வருஷம் அக்டோபர் 4-இல் எதிரே பிராக் லெஸ்னர். மணி அடித்தது. கோஃபி பாய்ந்தார். லெஸ்னர் தோளில் தூக்கிச் சுழற்றிப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து விநாடிகூட ஆகவில்லை. 180 நாள் சாம்பியன் கதை முடிந்தது. அவர் எழுந்து போவதற்குள் லெஸ்னரின் அடுத்த எதிரியாக கெய்ன் வெலாஸ்குவெஸை இறக்கிவிட்டார்கள். கோஃபி மறுபடியும் டேக் டீமுக்கே போனார். லெஸ்னரோடு ஒரு மறுபோட்டிகூட வைக்கவில்லை.

லெஸ்னரிடம் தோற்றது குறையே இல்லை. இருபது நிமிஷம் மல்லுக்கட்டித் தோற்றிருந்தால், ‘லெஸ்னரையே திணறடித்தவர்’ என்ற பேர் நின்றிருக்கும். யார் எப்படி ஜெயிப்பது என்று எழுதும் புக்கிங் செய்பவர்கள் கையில் இருப்பது அந்தப் பேர்தான்.

இதே பிரயனை 2012 ரெசில்மேனியாவில் ஷேமஸிடம் 18 விநாடியில் தோற்கடித்தார்கள். ஜனம் விடவில்லை, அரங்கம் அரங்கமாக அவருக்காகக் கத்தியது. 2014-இல் ஒரே இரவில் டிரிபிள் ஹெச்சை வென்று, பிறகு ஆர்ட்டன், பட்டிஸ்டா இருவரையும் தாண்டி பெல்ட்டை வாங்கினார். அந்த 18 விநாடிக்கு இப்படி ஒரு பதில் எழுதினார்கள். கோஃபியின் விநாடிகளுக்கு எழுதவே இல்லை.

இனி பெல்ட் கைமாறிய செய்தியைப் போடும்போது, போட்டி எவ்வளவு நேரம் நடந்தது என்பதையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கே.வி.குப்பம், வேலூர் மாவட்டம்