நனைந்த சருகு சத்தம் போடாது

ஆசிரியருக்கு,

தீக்காலத்துக்காகப் பிப்ரவரி நடுவில் மூடும் மலையேற்றத் தடங்கள் ஏப்ரல் நடுவில் திறக்கின்றன. மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு இதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் தடம் திறக்கும் சமயத்தில்தான் கோடை மழையும் இறங்குகிறது. தீ போனதும் ஆபத்தும் போய்விட்டது என்று நினைத்துப் பலர் கிளம்பிவிடுகிறார்கள்.

வறண்ட காட்டில் ஒவ்வோர் அடிக்கும் சருகு நொறுங்கும். நாம் வருவது யானைக்குத் தெரியும், யானை நகர்வது நமக்கும் ஓரளவு கேட்கும். நனைந்த சருகில் இரண்டும் கிடையாது. எரிந்த சரிவில் துளிர்க்கும் இளம்புல்லுக்கு யானையும் காட்டுமாடும் வந்து நிற்பதும் இந்த நாட்களில்தான். வளைவு வந்தால் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே திரும்புங்கள். யானை போட்ட லத்தியை (சாணத்தை) வைத்து அது எப்போது போனது என்று கணக்குப் போடுகிறவர்களும் இப்போது ஏமாறுவார்கள்: மழையில் ஊறிய நேற்றைய லத்தி புதிதுபோலப் பளபளக்கும். குச்சியால் பிளந்து, உள்ளே சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈர மண்ணில் சுவட்டின் விளிம்பு மழுங்காமல் நின்றால், மழை விட்ட பிறகு போன யானை.

ஓடை விஷயமும் உண்டு. மாதக்கணக்கில் காய்ந்து இறுகிய மண் முதல் மழையை உடனே குடிக்காது. சாம்பல் படிந்த சரிவு இன்னும் மோசம். பெய்ததில் நிறையவே ஓடைக்கு வழியும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேல்மலையில் கொட்டியிருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறுங்கள். முழங்காலுக்கு மேல் ஓடினால் இறங்கவே வேண்டாம், வடியும்வரை உட்காருங்கள்.

பாறையில் கருப்பாகத் தெரிவது காய்ந்த பாசி. நனைந்தால் எந்த ஷூவும் பிடிக்காது. பட்ட மரத்தடியில் மழைக்கு ஒதுங்குவதும் தப்பு. உளுத்த கிளை நீர் குடித்துக் கனத்து, காற்றே இல்லாமல் முறியும். இதையெல்லாம் விட்டுவிட்டு எல்லாரும் அட்டைக்குத்தான் பயப்படுகிறார்கள்! அதை நகத்தால் நெம்பி எடுத்தால் போதும்.

தம்பலப்பூச்சி சிவப்புப் பட்டாக மண்மேல் ஊர்வது முதல் மழைக்குப் பின் சில நாள்தான். அதைத் தீப்பெட்டியில் அடைத்துக்கொண்டு போக வேண்டாம்.

வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். தடத்தின் நுழைவாயில் பலகையில், மேல்மலையில் முந்தைய நாள் பெய்த மழை எத்தனை மி.மீ. என்று தினமும் எழுதி வையுங்கள். ஒரு சாக்பீஸ் துண்டு போதும்.

- மலையேற்ற வழிகாட்டி, தேனி மாவட்டம்