ஜூலை 21ஆம் பக்கம்

கோவில்பட்டி,
ஜூலை 20

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். இன்று காலை உன் கைப்பேசிக்கு ‘வரலாற்றில் இன்று’ வரவில்லை என்பதை நீ கவனித்தாயோ என்னவோ. நீ சென்னைக்குப் போனதிலிருந்து, எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்த இரண்டு நாள்களைத் தவிர, நான் அனுப்பாமல் விட்ட நாள் இது ஒன்றுதான். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் அனுப்பிய எதையும் நீ திறந்து பார்க்கவில்லை என்று கைப்பேசி காட்டுகிறது. 10ஆம் தேதி வேலூர்ப் புரட்சி, 1806. 15ஆம் தேதி காமராசர் பிறந்தநாள். அக்டோபர் 2 என்றதும் காந்தியடிகளை நினைப்பவர்கள், 1975இல் அதே நாளில்தான் காமராசர் மறைந்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். 18ஆம் தேதி, ‘தமிழ்நாடு’ என்ற பெயருக்காக 1967இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய நாள். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, மொழிவாரி மாநிலம் அமைந்தது 1956 நவம்பர் 1, மூன்றையும் குழப்பிக்கொள்ளாதே என்று எழுதினேன். குழப்பிக்கொள்கிற பிள்ளையா நீ? பத்து வயதில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூன்றையும் வரிசையாகச் சொன்னவள். அப்படிப்பட்டவளுக்கு, ‘பார்த்தேன் அப்பா’ என்று இரண்டு சொல் தட்டி அனுப்ப ஒரு நிமிடம் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

காலையில் வெறும் தேநீரைக் குடித்துவிட்டுப் படிக்க உட்காராதே. படி என்று சொல்லவில்லை. படித்தாலும் படிக்காவிட்டாலும் இரண்டு இட்லியாவது சாப்பிடு.

நேற்று நேரம் போகாமல் நம் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். பிப்ரவரி 29ஆம் பக்கத்தில் மொரார்ஜி தேசாய்க்கும் ருக்மிணி தேவி அருண்டேலுக்கும் நடுவில் நீ வரைந்த மெழுகுவத்தி இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு நான் உன்னைத் திட்டினேன், ஆனால் அழிக்கவில்லை. டிசம்பர் 22ஆம் பக்கத்தில் மேலே 1887, ஈரோட்டில் ராமானுஜன் பிறப்பு. கீழே 1964, அன்றிரவு தனுஷ்கோடியில் கடல் பயணிகளோடு ரயிலையே கொண்டுபோனது. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று ஒருநாள் நீ கேட்டாய். அதே பக்கத்தின் ஓரத்தில், ராமானுஜன் கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. இதை ஏதோ மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தக் குறிப்பு நீ பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்தது. நீயாகச் சொல்லாத எதையும் நான் கேட்கப் போவதில்லை. உன் பதிவெண்ணை மனப்பாடமாக வைத்திருந்தது என் பிழை.

தேதி என்பது கல்வெட்டு, அதை மாற்ற யாராலும் முடியாது என்று முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லி வந்தேன். சொன்னவனுக்கே அது அவ்வளவு உறுதியில்லை என்று தெரியும். ஏப்ரல் 23ஐ எடுத்துக்கொள். 1616இல் அதே தேதியில் ஷேக்ஸ்பியர் மறைந்ததாகவும் செர்வான்டஸ் மறைந்ததாகவும் சொல்லி அதைப் புத்தக நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் ஸ்பெயின் அப்போது புதிய நாள்காட்டிக்கு மாறியிருந்தது, இங்கிலாந்து பழையதிலேயே இருந்தது, ஆகவே இரண்டு சாவுக்கும் இடையில் குறைந்தது பத்து நாள். இங்கிலாந்து 1752இல்தான் மாறியது. அந்த ஆண்டு அங்கே செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. நம் எட்டயபுரத்துக் கவிஞருக்கே, நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்ததால், செப்டம்பர் 11 என்றும் 12 என்றும் இருவிதமாக எழுதுகிறார்கள். இவ்வளவும் தெரிந்தவன் நான். தெரிந்தும்தான் அதைச் செய்தேன்.

நீ எட்டாம் வகுப்பில் படித்தபோது பள்ளியில் நடந்த வினாடி வினாவை நீ மறந்திருக்க மாட்டாய். கடைசிக் கேள்வி, மனிதன் நிலவில் கால் வைத்த நாள். நீ ஜூலை 21 என்றாய். என் கையிலிருந்த தாளில் ஜூலை 20 என்று இருந்தது. தவறு என்று சொல்லிவிட்டேன். முதல் பரிசான அகராதி அந்தப் பையனுக்குப் போனது, உனக்கு எவர்சில்வர் டப்பா. வீட்டுக்கு வந்ததும் நீ அழாமல், ஆம்ஸ்ட்ராங் இறங்கியபோது அமெரிக்காவில் 20ஆம் தேதி இரவு 10.56, அப்போது நமக்கு 21ஆம் தேதி காலை 8.26 என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாய். புத்தகத்தில் உள்ளதை எழுதினால்தான் மதிப்பெண் வரும், அதிகம் பேசாதே என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

உன் கணக்கு சரி என்று எனக்கு அப்போதே தெரியும். கணக்குப் போடாமலே தெரியும். 1969இல் எனக்கு எட்டு வயது. காலை வழிபாட்டில் எங்கள் தலைமையாசிரியர், இன்று மனிதன் நிலவில் நடக்கிறான் என்று சொன்னார். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம், பகல் வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்று திங்கட்கிழமை. ஜூலை 20 ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் ஏது? என் கண்ணால் பார்த்த நாளை, மேடையில் என் மகள் சரியாகச் சொன்னபோது, நான் தவறு என்றேன். வாத்தியார் தன் பெண்ணுக்குப் பரிசைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று ஆசிரியர் அறையில் பேசுவார்களே என்று பயந்தேன். அதை நேர்மை என்று இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு நீ எந்தப் போட்டிக்கும் தாளில் உள்ள விடையைத்தான் தேடினாய், உன் விடையை அல்ல. இத்தனை ஆண்டுகள் அந்த அறையில் நீ தாள் தாளாக மனப்பாடம் செய்ததற்கு என் பங்கு என்ன என்று இந்த ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இன்று காலை நிலவுச் செய்தியைத் தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பக் கை வராமல் அழித்தேன்.

அம்மா அந்த டப்பாவில் இப்போது பெருங்காயம் வைத்திருக்கிறாள். அவளிடம் இதையெல்லாம் இன்னும் சொல்லவில்லை. நீ கேட்டால் சொல்லிக்கொள்.

எதிர்வீட்டுத் தம்பி 23ஆம் தேதி இரவு வண்டிக்குச் சென்னை வருகிறான். கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட்டும் இந்த நோட்டும் கொடுத்தனுப்புகிறேன். ஜூலை 20ஆம் பக்கத்தில் இருந்ததை அடித்துவிட்டு, 21ஆம் பக்கத்தில் காலை 8.26 என்று நேரத்தோடு எழுதியிருக்கிறேன். மற்றப் பக்கங்களையும் ஒருமுறை பார். தவறு கண்ணில் பட்டால் குறித்து வை. பென்சிலால் குறி, மையால் வேண்டாம், தாள் பழசு, மறுபக்கம் ஊறும். பார்த்து முடித்ததும் நோட்டை நீயே கொண்டுவந்து கொடுத்தாலும் சரி. காலையில் சாப்பிடாமல் இருக்காதே.

அன்புடன்,
அப்பா